கிரீஸ் படிந்த கை

ஊர்க்காரர் ஒருவருடைய பழைய அம்பாசிடர். உத்தர்பாராவில் 2014இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. முன்சக்கரம் முனகியது. சித்தப்பா ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "பேரிங் போச்சுடா."

கழற்றினோம். ஆயில் சீல் கிழிந்து, தண்ணி புகுந்து, பேரிங்கில் துரு. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, புதுப் பேரிங்கை அதில் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை திணிக்கச் சொல்லிக்கொடுத்தார். "சீலோட உதடு கிரீஸ் பக்கம் பாக்கணும்." நான் படித்த எம்.ஏ.வில் இந்தப் பாடம் கிடையாது.

ஓட்டிப்பார்க்க, மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு, வேட்டி மாற்றி வந்தார் சித்தப்பா. "சீட்டுல சாக்க விரிச்சிக்க" என்றார் சொந்தக்காரர். முந்தின நாள் அவர் சாதிக் கொத்தனார் சிமெண்டுத் துணியோடு அதே சீட்டில் உட்கார்ந்து வந்ததை நான் பார்த்தேன், சாக்கு இல்லை.

சித்தப்பா சாவியை நீட்டினார். "நீங்களே ஓட்டிப் பாருங்க."

சத்தமில்லாமல் ஓடியது வண்டி. சீட்டைத் தொட்டால் தீட்டு. சக்கரத்தைத் தொட்டால்?