சென்னைக்கு நேர் கிழக்கே

மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டது! அந்தமானின் மாயாபந்தரில் மே மாதத்து விடியல் அப்படி. ஜன்னல் வழியே வெயில் முகத்தில் அடிக்க, எட்டு மணியாவது இருக்குமென்று பதறி எழுந்தேன். வெளியே கோழிகளெல்லாம் இரை பொறுக்கி முடித்த களைப்பில் இருந்தன. மண்ணிலிருந்து கிளம்பிய ஈரவாடையோடு, சதுப்புநிலக் காட்டின் சேற்று மணமும் எங்கோ காயும் கருவாட்டு வாசனையும் கலந்து வந்தன. நம்மூர் மெரினாவில் இந்த நேரத்துக்கு நடைக்காரர்கள்கூட இருட்டில்தானே வருவார்கள்!

முந்தின நாள் முழுக்கப் பேருந்துப் பயணம். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட்பிளேரிலிருந்து அந்தமான் டிரங்க் ரோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். ஜிர்காட்டாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கான்வாயாகத்தான் ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் அனுப்புகிறார்கள். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அவர்கள் வீட்டு வாசல் வழியாக நாம் போகிறோம், அந்தக் கட்டுப்பாடு முழுக்க நியாயம். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்தே படகில் ஏறிவிட்டது! இரண்டு பக்கமும் படாக் மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். ரங்கத் தாண்டி மாயாபந்தர் வந்து சேரும்போது மாலை ஐந்தே முக்கால். ஊரே இருட்டிக்கொண்டிருந்தது.

நான் தங்கிய வீடு ஒரு பழைய நண்பருடையது. அப்பா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலில் இந்தி, பக்கத்து வீட்டோடு வங்காளம் என்று நாக்கு தானாகவே மாறிக்கொள்கிறது. அவருடைய மகள் போர்ட்பிளேரில் அத்தை வீட்டில் தங்கி, ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயாவில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“இங்க மட்டும் ஏம்மா இவ்வளவு சீக்கிரம் விடியுது?” என்று கேட்டேன்.

“மாமா, மாயாபந்தரும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. ரெண்டும் பதிமூணு டிகிரி. நீங்க நேரா கிழக்கே வந்திருக்கீங்க, அவ்வளவுதான். தீர்க்கரேகையில பன்னெண்டரை டிகிரி சொச்சம் வித்தியாசம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். பெருக்கிப் பாருங்க.”

பெருக்கினேன், ஐம்பது நிமிடம். சூரியன் ஐம்பது நிமிடம் முந்தி வருகிறது, கடிகாரம் மட்டும் நாடு முழுக்க ஒன்றே. ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடல் கடந்து வந்தும், பூமியின் குறுக்கே இழுத்த ஒரே கோட்டில்தான் நிற்கிறேன் என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் கடைத்தெரு வழியாக ஜெட்டிக்கு நடந்தோம். வழியில் ஒரு காரென் பாட்டி கூடையில் கீரை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். 1925-இல் பர்மாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வாரிசுகள் இந்தக் காரென்கள், பக்கத்தில் வெபி அவர்கள் உண்டாக்கிய ஊர். வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர், நம் ஆட்கள் என எல்லோரும் ஒரே மீன்கடையில் ஒரே இந்தியில் பேரம் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டே நின்றிருக்கலாம்!

ஜெட்டியில் அவள் காட்டியதுதான் நான் வாழ்நாளுக்கும் மறக்காதது. சிப்பி ஒட்டிய ஒரு தூணில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். அவளும் தம்பியும் போட்டவை. விடுமுறை தொடங்கியதிலிருந்து தண்ணீர் எந்த மணிக்கு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று நோட்டில் எழுதி வருகிறார்கள். சென்னையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவே, அலை இரைச்சலில் அது கண்ணில் படுவதேயில்லை. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் நண்டு ஓடுகிறது!

நோட்டைத் திறந்தாள். இரண்டு கொசைன் அலைகள். சந்திரன் இழுப்பது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை, சூரியன் இழுப்பது சரியாக 12 மணிக்கு ஒருமுறை. பிளஸ் டூவில் நாமெல்லாம் மனப்பாடம் செய்து மறந்த ஒரு சூத்திரம் உண்டே, இரண்டு கொசைனைக் கூட்டினால் பெருக்கலாக மாறுவது, அதை வைத்து எழுதியிருந்தாள். கூட்டிய அலை 14.8 நாளுக்கு ஒருமுறை பெருத்து, இடையில் சிறுக்கிறது. பெருப்பது பௌர்ணமியும் அமாவாசையும், சிறுப்பது அரை நிலா. மீன்பிடிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கும் கணக்கு ஒரு வரியில் நின்றது!

“ஏத்தம் தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகுதே, காலைல சொன்ன அதே ஐம்பதா?” என்று ஆவலோடு கேட்டேன்.

“இல்ல மாமா, அது சும்மா ஒத்துப்போகுது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.”

எவ்வளவு நேர்மையான பதில்! ஒத்துப்போவதையெல்லாம் உண்மையென்று நம்பிவிடாத இந்தக் கறார்த்தனத்தை ரியல் அனாலிசிஸ் பாடம்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறது. முதலில் அந்தப் பாடத்தைக் கண்டாலே அழுகை வருமாம். எப்சிலான், டெல்டா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, இப்போது நிரூபணம் இல்லாமல் எதையும் விழுங்க முடியவில்லை என்கிறாள்.

இந்தத் தீவுகளுக்கும் இந்தக் கணக்குக்கும் பழைய உறவு. இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தை, அதாவது இந்த ஏத்தவத்தத்தை, கணிக்கவென்றே 1879-இல் லண்டனில் ஓர் இயந்திரம் செய்தார்கள். சக்கரங்களும் கப்பிகளும் சுழன்று இருபது அலைகளைக் கூட்டிக் காட்டும். மறு ஆண்டு போர்ட்பிளேரில் ஓதமானி வைத்தார்கள். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் நிலநடுக்கத்தில் எழுந்த சுனாமியை அது பதிவு செய்தது. 2004 நிலநடுக்கத்தில் போர்ட்பிளேர் தரை சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது, வட அந்தமான் பக்கமோ மேலே எழும்பியது. கடல் எங்கே நிற்கும் என்ற கேள்வி இங்கே வீட்டுக் கேள்வி. அதைக் கணிதமாகப் படிக்க இந்தப் பிள்ளைகளைவிட உரியவர்கள் யார்?

திரும்பும் வழியில் மாயாபந்தரின் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரிப் பேச்சு வந்தது. 1990-இல் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பட்டம் படிக்க 1967-இல் தொடங்கிய போர்ட்பிளேர் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பெண்ணை அனுப்பத் தயங்கிய வீடுகள் எத்தனை என்று நண்பர் விரல் விட்டு எண்ணினார், எனக்குத் தொண்டை அடைத்தது. வாசற்படிக்கு ஒரு கல்லூரி வருவது எவ்வளவு பெரிய காரியம்! இவளோ எம்.எஸ்சி.க்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போய், முடித்துவிட்டு இங்கேயே வந்து பாடம் நடத்தப் போகிறாளாம். நடத்துவாள், எனக்குச் சந்தேகமில்லை.

மாலையில் மறுபடி ஜெட்டி. நான்காவது கோட்டைத் தண்ணீர் எத்தனை மணிக்குத் தொடும் என்று அவள் முன்கூட்டியே கணித்து வைத்திருந்தாள். நான், நண்பர், தம்பி, மீன் பிடிக்க வந்த இரண்டு பெரியவர்கள் என எல்லோரும் தூணையே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கால் மணி நேரம் தாமதமாக வந்தது. எங்களுக்கு அதுவே பெரிய அதிசயம், கைதட்டினோம். அவள் முகம் மட்டும் மலரவில்லை.

“சந்திரன் எப்பவும் ஒரே தூரத்துல இருக்கறதில்லையே, அதைச் சேர்க்காம விட்டுட்டேன்” என்றபடி, மூன்றாவது கொசைனுக்குப் புதுப் பக்கம் திருப்பினாள்.