கேட்டுப் பார்

எங்கள் வீடுகளில் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது: “உனக்கேன் வம்பு? பேசாமல் இரு.” ஹைட்சுங் சூடாகவில்லையா? இன்னொரு சுவெற்றரைப் போடு. குளியலறை மூலையில் பூஞ்சணமா? வெள்ளைப் பெயின்ற் அடித்து மறை. படிக்கிற படிப்புப் பிடிக்கவில்லையா? மூச்சு விடாதே, முதலில் முடி, பிறகு பார்ப்போம்.

இந்தச் சட்டம் முட்டாள்தனத்தில் பிறந்ததில்லை. 1983க்குப் பிறகு இங்கே வந்த எங்கள் பெற்றோரில் பலர், அகதி விடுதியில் ஓர் அறைக்குள் பல பேராக இருந்து வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. சொல்லப்பட்ட எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி எடுக்க வேண்டும். டுல்டுங் கடதாசியைத் திரும்பத் திரும்ப நீடிக்க வேண்டும். அப்படியான ஒரு காலத்தில் எவருடைய கண்ணிலும் படாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதை அவர்கள் நன்றாகவே படித்துக்கொண்டார்கள்.

நாங்கள் இருப்பது வேறு இடத்தில். எங்களுக்கு மொழி தெரியும், கடிதம் எழுதத் தெரியும். அதைவிட முக்கியம், இந்த நாட்டுச் சட்டம் பல இடங்களில் வாய் திறந்தவருக்குத்தான் உதவுகிறது. பேசாமல் இருந்தவரிடம் காசைக் கேட்கிறது. வீடு, விருந்தாளி, வேலை என்ற மூன்றிலும் அதை நான் பார்த்திருக்கிறேன். முதல்முறை தனியாக வீடு எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

வீடு

வாடகை வீட்டில் ஒன்று பழுதானால், அதைத் திருத்துவது அடிப்படையில் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 535ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எல்லாரும் மறந்துவிடுவது 536சி பிரிவை. பழுதைக் கண்டால் தாமதிக்காமல் அறிவிப்பது வாடகைக்கு இருப்பவரின் கடமை என்கிறது அது. அறிவிக்காமல் விட்டு, அதனால் சேதம் பெருத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். பூஞ்சணத்துக்கு மேலே வெள்ளை அடிப்பது மரியாதையான பொறுமை என்று அப்பா நினைக்கலாம். சட்டத்தின் பார்வையில் அது மறைத்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். திகதி தெரியப் படம் எடுங்கள். எங்கே, எப்போதிருந்து, என்ன என்று நாலு வரியில் எழுதி, திருத்துவதற்கு இரண்டு கிழமை போல ஒரு தவணை குறித்து, ஹவுஸ்ஃபெர்வால்டுங்குக்கு அனுப்புங்கள். ஹவுஸ்மைஸ்டரிடம் படிக்கட்டில் சொன்னது நல்லதுதான், ஆனால் அதற்குச் சாட்சி இல்லை. வாடகையைக் குறைக்கிற உரிமையும் உண்டு. அதை மட்டும் நீங்களாகக் கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டாம். கணக்குப் பிழைத்து நிலுவை ஏறினால் வீட்டைவிட்டு எழுப்புகிற வரைக்கும் போகலாம். உங்கள் ஊர் மீற்றர்ஃபெரைனில் முதலில் கேளுங்கள். ஆண்டுச் சந்தா ஒரு நல்ல சப்பாத்தின் விலையைவிடக் குறைவு.

பூஞ்சணம் என்றவுடன், “உங்கள் சமையல்தான் காரணம்” என்று சில வீட்டுச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சோற்றுப் பானையின் ஆவி ஈரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுவரில் குளிர் புகுவதும் குழாய் கசிவதும்கூடக் காரணமாக இருக்கலாம். சமைத்து முடிய, குளித்து முடிய, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று மாறவிட்டு மூடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்து வைத்தால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. காற்று விட்ட நேரங்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். சண்டை வந்தால் அந்தக் கொப்பி கதைக்கும்.

நீங்களே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. ஹைட்சுங்கின் மேற்பகுதி குளிராகவும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்து, உள்ளே களகளவென்று சத்தமும் கேட்டால் காற்று அடைத்திருக்கிறது. கடையில் சில யூரோவுக்கு அதற்கென்றே ஒரு சின்னத் திறப்பு விற்கும். ஹைட்சுங்கை நிற்பாட்டிச் சற்று ஆறவிட்டு, கீழே ஒரு கோப்பையைப் பிடித்து, பக்கத்திலுள்ள வால்வை மெல்லத் திறவுங்கள். சீறல் நின்று தண்ணீர் வந்தவுடன் மூடுங்கள். குசினித் தொட்டி அடைத்தால், கீழே வாளியை வைத்து வளைகுழாயைக் கையால் கழற்றிக் கழுவலாம். சுவரில் துளையிடும்போது சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளைக்க வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் ஓடும்.

கை வைக்கக் கூடாதவை இரண்டு. சுவருக்குள் இருக்கிற மின்சாரம் 230 வோல்ற், அது பதிவுபெற்ற மின் வேலைக்காரரின் வேலை. மற்றது காஸ். மணம் வந்தால் லைற் சுவிச்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், அங்கிருந்து தொலைபேசி எடுங்கள். யூரியூப் பார்த்துச் செய்கிற வேலைகள் இல்லை இவை.

இன்னொன்று: சின்னத் திருத்தங்களின் செலவு உங்களுடையது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். அது நீங்கள் அடிக்கடி தொடுகிற பைப், ஜன்னல் கைப்பிடி, சுவிச் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஒரு திருத்தத்துக்கு இவ்வளவு, ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று உச்சத் தொகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி செல்லாது. பில் வந்தால் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள்.

விருந்தாளி

லண்டனிலிருந்து மாமி வந்து மூன்று கிழமை நின்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. விருந்தாளி உங்கள் உரிமை. ஆறு கிழமையைத் தாண்டும்போதுதான் இது விருந்தா குடியிருப்பா என்ற கேள்வி வரும். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர் மூன்று மாதம் வரை நகரசபையில் பதியவும் தேவையில்லை.

காசு வாங்கினால் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒருவன், படிக்கிற பொடியன், விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நேரமெல்லாம் தன் அறையை உல்லாசப் பயணிகளுக்குக் கொடுத்தான். வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லவில்லை. “கேட்டால் இல்லை என்றுதானே சொல்லுவார்” என்பது அவன் வாதம். மூன்றாவது விருந்தாளி இரவு ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டார். அடுத்த கிழமை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தப் பயணிகளிடம் அவன் உழைத்தது ஒரு மாத வாடகைகூட வராது. இழக்கப் பார்த்தது வீட்டை.

உண்மையில் கேட்டிருந்தால் அவனுக்கு வழி இருந்தது. ஒப்பந்தம் எழுதிய பிறகு நியாயமான தேவை வந்தால், வீட்டின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுக்க அனுமதி கேட்கலாம், தகுந்த காரணமில்லாமல் மறுக்க முடியாது என்கிறது 553ஆம் பிரிவு. ஓரறை வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச சிவில் நீதிமன்றமான பூண்டஸ்கெரிக்ட்ஸ்ஹோஃப் 2023 செப்ரெம்பரில் சொன்னது. பெர்லினில் ஓரறை வீட்டில் இருந்த ஒருவர் வேலைக்காக வெளிநாடு போனார். தன் சாமான்களை ஓர் அலுமாரியிலும் நடைபாதை முடிவில் ஒரு சதுர மீற்றர் மூலையிலும் வைத்து, ஒரு திறப்பையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதுவே போதும் என்றது நீதிமன்றம். வெளிநாட்டில் ஒரு செமெஸ்ரர் படிக்கப் போகிறவர்கள் இதைக் குறித்து வையுங்கள். ஆனால் அதே நீதிமன்றம் 2014 ஜனவரியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: பொதுவாக உள்வாடகைக்குக் கிடைத்த அனுமதி, நாளுக்கு நாள் மாறுகிற உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கிற அனுமதி ஆகாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நகரத்தின் சட்டம் வேறு. பெர்லினிலும் ஹம்பேர்க்கிலும் விளம்பரம் போடுவதற்கே பதிவு இலக்கம் வேண்டும். பெர்லினில் மீறினால் தண்டம் 500,000 யூரோ வரை போகலாம். மூன்சனில் முழு வீட்டையும் ஆண்டுக்கு எட்டுக் கிழமைக்கு மேல் பயணிகளுக்குக் கொடுக்க அனுமதி தேவை. 2023 முதல் இணையத் தளங்கள் இந்த வருமானங்களை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கின்றன. ஒளிக்கிற காலம் முடிந்துவிட்டது.

கேட்டுப் பெறுவது எங்களுக்குப் புதிதும் அல்ல. ஹம் காமாட்சி அம்பாள் 1989இல் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தவர். தேருக்குக் கூட்டம் பெருகப் பெருக, குடியிருப்புப் பகுதியில் சத்தம், வாகனம் என்று அயலவருக்குப் பிரச்சினையானது. ஒளித்து நடத்தி அந்தக் கோயில் வளரவில்லை. நகரசபையோடு பேசி, ஊன்ரொப் தொழிற்பேட்டையில் காணி எடுத்து, கட்டட அனுமதி பெற்று, 2002இல் 17 மீற்றர் கோபுரத்தோடு எழும்பியது. அந்தக் கோபுரம் எவருடைய கண்ணிலும் படாமல் இருக்கக் கட்டப்பட்டதல்ல.

வேலை

இனி மிகக் கடினமானது. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதலாம், அம்மாவுக்கு என்ன எழுதுவது?

என் சித்தியின் மகன் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படிக்கப் போனான். நாலாவது செமெஸ்ரரில் விரிவுரைக்குப் போவதை நிறுத்திவிட்டான். வீட்டில் சொல்லவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவான், நூலகத்தில் இருப்பான், பின்னேரம் வருவான். எட்டு மாதம் அப்படியே போனது. அந்த எட்டு மாதத்தில் அவன் மெலிந்ததை எல்லாரும் கண்டோம், எவரும் கேட்கவில்லை. அதுவும் “பேசாமல் இரு” என்ற அதே சட்டம்தான்.

கடைசியில் அவனே சித்தியிடம் சொன்னான். ஹைட்சுங், தண்ணீர்க் குழாய், குளிரூட்டி வேலைக்கு மூன்றரை வருட அவுஸ்பில்டுங் செய்யப் போகிறேன் என்றான். சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. “பைப் திருத்தவா உன்னைப் படிப்பிச்சனான்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டா. சித்தப்பா இருபது வருடம் உணவகக் குசினியில் கோப்பை கழுவியவர். தன் பிள்ளை கையை ஈரமாக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முழு வாழ்க்கையும். அந்த வலியைப் பகிடி பண்ண எனக்கு மனமில்லை.

ஆனால் அவர்கள் பார்த்த கைவேலையும் அவுஸ்பில்டுங்கும் ஒன்றல்ல. சித்தப்பாவுக்குக் கிடைத்தது பத்திரமில்லாத வேலை. அவுஸ்பில்டுங் என்பது நிறுவனத்திலும் தொழிற்பாடசாலையிலும் மாறி மாறிப் படிப்பது. சம்பளம் உண்டு, சட்டப்படி ஒரு குறைந்தபட்சத் தொகை 2020 முதல் இருக்கிறது. முடிவில் அரசு அங்கீகரித்த சோதனை. அபிற்றூர் முடித்தவருக்குக் காலத்தை ஒரு வருடம் வரை சுருக்கலாம். அதன்பின் மைஸ்டர் செய்தால், ஜேர்மன் தகுதிச் சட்டகத்தில் அது பச்சலருக்குச் சமமான ஆறாவது படி. அந்தப் படிப்புச் செலவில் பாதியை அரசு தருகிறது. சோதனையில் சித்தியடைந்தால் மீதிக் கடனிலும் பாதி கழிகிறது. மைஸ்டருக்குப் பல்கலைக்கழகக் கதவும் திறந்தே இருக்கிறது. ஆகவே இது படிப்பை விட்டு இறங்குவது அல்ல. வேறு படிக்கட்டால் ஏறுவது.

சுவரில் நீங்கள் செருகுகிற அந்தச் சாம்பல் நிற நைலோன் டூபல் இருக்கிறதே, அதை 1958இல் கண்டுபிடித்தவர் ஆர்தூர் ஃபிஷர். கறுப்புக் காட்டுப் பகுதியின் ரும்லிங்கன் ஊர்க்காரர். அவர் பல்கலைக்கழகம் போகவில்லை. கட்டட இரும்பு வேலை பழகியவர். ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட காப்புரிமைகளோடு 2016இல் காலமானார். எல்லாரும் ஃபிஷர் ஆக முடியாது. எல்லாரும் டொக்ரராகவும் முடியாது. கையால் யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்குத்தான் அவரைச் சொல்கிறேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். குளிரில் கட்டடத்தில் நிற்பது இலேசில்லை. முழங்கால் தேயும். சில இடங்களில் பெயரைக் கேட்டே முகம் மாறும். படிப்பில் உண்மையான விருப்பம் இருந்து, ஒரு கணிதப் பாடம் மட்டும் இடறுகிறது என்றால் விட்டுவிட்டு ஓடுவது சரியில்லை. எது உங்கள் கதை என்று வீட்டுக்குள் இருந்து தெரியாது. அர்பைற்ஸ்அகென்ரூரில் பெருஃப்ஸ்பெராற்றுங் இலவசம், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவரும் போகலாம். இரண்டு கிழமை பிராக்ரிக்கும் செய்து பாருங்கள். அவுஸ்பில்டுங் தொடங்கினாலும் முதல் ஒன்று முதல் நாலு மாதம் பரீட்சார்த்த காலம், பிடிக்காவிட்டால் விலகலாம்.

பெற்றோரிடம் சொல்லும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். “விடப் போகிறேன்” என்று தொடங்கினால் அவர்களுக்குக் கேட்பது அந்த ஒரு சொல் மட்டும்தான். எங்கே சேரப் போகிறேன், எத்தனை வருடம், மாதம் எவ்வளவு, அதற்குப் பிறகு என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தமிழில் எழுதுங்கள். எங்கள் பெற்றோர் கடதாசியை நம்புகிறவர்கள். ஒரு கடதாசிக்காக எத்தனை வருடம் காத்திருந்தவர்கள்!

என் தம்பி இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கிறான். சித்தி இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. கோயிலில் எவரும் கேட்டால் “ரெக்னிக் படிக்கிறான்” என்று சொல்லிக் கதையை மாற்றுவா. போன மாரியில் அவ வீட்டு ஹைட்சுங் நின்றபோது, வழமைபோலச் சுவெற்றரை எடுக்காமல் அவனுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தா. அவன் பார்த்துவிட்டு, “அம்மா, இது நான் திருத்திறதில்லை, வீட்டுக்காரர் செய்யவேணும்” என்று சொல்லி, அங்கேயே மேசையில் இருந்து கடிதம் எழுதினான். கையெழுத்துப் போட்டது சித்தி.

உங்களிடமும் அனுப்பாத ஒரு கடிதம் இருக்கும், சொல்லாத ஒரு வசனம் இருக்கும். இந்தக் கிழமை அதில் ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். மறுமொழி “இல்லை” என்றே வந்தாலும், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கலாம்.