தீபாவளிக்குப் பிந்திய பிரட்டு

தோட்டம் மறுபடி வேலைக்கு இறங்கும் நாளுக்கு முந்தின இரவே பசறை பஸ் நிலையம் நிறைந்துவிடும். கோணக்கலை, கனவரல்ல, மடுல்சீமைப் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பலகாரப் பையோடு நிற்பார்கள். சிலர் பதுளைக்குப் போய் ரயில் பிடிப்பார்கள். 1924இல் பதுளை வரை வந்து அத்தோடு நின்றுபோன பாதை அது. தேயிலையைக் கொழும்புக்கு இறக்கப் போட்டார்கள். இப்போது எங்களை இறக்குகிறது.

புறக்கோட்டையில் கடை திறந்துவிட்டால் வேலை தானாகக் கைக்கு வந்துவிடும். துணியை உதறி மடிப்பதில் மறக்க என்ன இருக்கிறது? விடிவதற்கு முன்பே விழிப்பு வருவதுதான் தொல்லை.

தீபாவளிக்காக நான் ஏங்கவில்லை. வெள்ளவத்தையிலும் பட்டாசு வெடிக்கிறார்கள். லீவு முடிந்து, காலையில் பேர் கொடுத்து மலைக்கு இறங்கும் முதல் பிரட்டுதான் எனக்கு வேண்டும். நாங்கள் பஸ் ஏறிய பிறகுதானே அது நடக்கிறது.

சின்ன வயதில் அம்மா பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். புதுச்சேலை பெட்டிக்குள் போய், இடுப்பில் கட்டும் படங்கும் கூடையும் வெளியே வந்திருக்கும். வாரத்துக்கொரு தரம் கொழுந்து எடுக்க வேண்டிய மலை, சுற்றுத் தவறி முத்தி நிற்கும். ஐப்பசி மழை வேறு. கொழுந்தைக் கிள்ள முடியாது, ஒடிக்க வேண்டும். நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். அதற்கு ஒரு சண்டை. இடையில், யார் வீட்டு முறுக்கு பல்லை உடைத்தது, எந்த மருமகன் இஸ்தோப்பில் விழுந்து கிடந்தான் என்று லீவுக் கதை முழுக்க நிரைக்கு நிரை தாவும். கங்காணி அன்றைக்கு மட்டும் கண்டுகொள்ள மாட்டார். அவர் வாயிலும் அதிரசம்.

தீபாவளி முற்பணம் அடுத்தடுத்த சம்பளங்களில் வெட்டுப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகச் சிரிப்பு குறைந்ததாக ஞாபகமில்லை. அந்த வேலைக்கு நான் திரும்புவேனா என்றால், மாட்டேன்; அம்மாவும் விடமாட்டாள். ஆனால் அந்தக் கதைகளைக் கேட்கக் கொழும்பில் எனக்கு நிரை இல்லை.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்தேன்.

"பிரட்டு எப்பிடிம்மா?"

"என்னத்த சொல்ல, கொழுந்தெல்லாம் முத்திப் போயி வெரலு வெடிச்சிருச்சு. மலையில ஒன் கதையும் வந்துச்சுடா."

"என் கதையா?"

"புள்ள எளைச்சுப் போயிட்டான்னாளுக. விடுவேனா? நல்லா குடுத்தேன்."

யார் சொன்னது என்று கேட்பதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.