சாவி யார் பையில்

எங்கள் களத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்த லாரியை விற்றுவிடுவதென்று 2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில் முடிவு செய்தோம். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கனரக வாகனங்களுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் அவ்வாண்டு ஏப்ரல் முதல் பன்மடங்கு உயரவிருந்தது. வண்டியோ முப்பதைத் தாண்டியது. மூக்கு நீண்ட, ஆறு சிலிண்டர் டீசல் வண்டி. வாங்க வருபவர் மறுநாள் காலை வருவதாகச் சொல்லியிருந்தார். முடுக்கிப் பார்த்தபோது பேன் பெல்ட் கீச்சிட்டது.

"பெல்ட்டு கத்துற வண்டிய விக்கப்படாது" என்றார் அப்பா. மெக்கானிக்கை வரச் சொல்லட்டுங்களா என்று கேட்டோம். கயிற்றுக்கட்டிலில் இருந்தபடியே எங்களை ஏறிட்டார். "அதா, ரெண்டு பேரு நிக்கறீங்களே."

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர், மற்றவர் வங்கியில் கணக்கெழுதுபவர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதென்றால் எவரும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அது சட்டமாகவே இருந்தது. கருவிப்பெட்டியின் அருகில் சென்றாலே, "படிக்கற கையி, கரி படக்கூடாது" என்ற அதட்டல் வரும். அந்த வண்டிதான் எங்களைப் படிக்க வைத்தது. அதன் முகப்பை நாங்கள் திறந்து பார்த்ததில்லை. அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது, வலக்கை நடுங்குகிறது. இடக்கை மோதிர விரலில் மேற்கணு இல்லை. அது எப்படிப் போயிற்று என்று சிறுவயதில் கேட்டபோதெல்லாம் "மெசின்ல" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுவார்.

"மொதல்ல சாவிய எடுத்து உம்பையில போடு சாமி. பொறவு பேட்டரி ஒயரக் கழட்டு."

மின்னாக்கியின் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் வண்டியின் உடலையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். (ஆல்டர்னேட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் நம் ஓட்டுநர்களுக்கு அது இன்னும் டைனமோதான்.) பேட்டரியைக் கழற்றுவதன் காரணம் இவ்வாறு விளங்கியது. சாவியைப் பையில் போடச் சொன்னதன் காரணம் பிறகுதான் விளங்கிற்று.

அடியில் கிராங்க் புல்லி, மேலே தண்ணீர்ப் பம்பும் பேனும் சேர்ந்த புல்லி, பக்கத்தில் டைனமோ புல்லி. மூன்றையும் சுற்றி இரண்டு பெல்ட்கள் அடுத்தடுத்த பள்ளங்களில் ஓடுகின்றன. பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவம். பள்ளத்தின் அடியை அது தொடுவதில்லை. இழுபடும்தோறும் இரு பக்கச் சுவர்களுக்கிடையே இறுகுகிறது. அந்தப் பிடிதான் சுழற்சியைக் கடத்துகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பரில் இதை உருவாக்கினார். நம் மதுரைக் கோச்சடையிலும் இதற்கென்று ஆலை உண்டு. பக்கங்கள் தேய்ந்து பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும், கீச்சிடும். அந்தச் சத்தத்தை அடக்கச் சோப்பைத் தேய்ப்பவர்கள் உண்டு. அப்பாவுக்கு அவர்கள் மேல் தீராத இளக்காரம். பெல்ட்டுக்கு 'வார்' என்று தமிழில் அருமையான சொல் இருக்கிறது. முரசை இழுத்துக் கட்டிய தோல்பட்டைக்குப் பழம்புலவர்கள் வழங்கியது. அப்பாவிடம் அதைச் சொல்லும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

டைனமோ ஒரு போல்ட்டில் தொங்கி அசைகிறது. அதன் மறுபக்கம், வளைந்த நீள்துளை கொண்ட இரும்புப் பட்டையில் இன்னொரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் தளர்த்தி, டைனமோவை இயந்திரத்தை நோக்கித் தள்ளினால் பெல்ட் தொய்யும். கேட்க எளிதுதான். துருப்பிடித்த போல்ட் அசைய மறுத்தது. டீசலை ஊற்றிக் கால்மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்.

அந்தக் கால்மணி நேரத்தில்தான் சொன்னார். 1987. சத்தியிலிருந்து மைசூருக்குச் சுமையேற்றிப் போகிறார். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் பெல்ட் அறுந்தது. பெல்ட் அறுந்தால் டீசல் வண்டி உடனே நின்றுவிடாது, ஓடும். ஆனால் தண்ணீர் சுழலாது, பேன் சுற்றாது. ஏற்றத்தில் சில நிமிடங்கள் பிடிவாதமாக ஓட்டினால் ஹெட் வெடித்துவிடும். ஓரங்கட்டினார். இருக்கைக்குப் பின்னால் எப்போதும் புதுச் சோடி தொங்கும். யானை நடமாட்டமுள்ள காடு, இருட்டு. கிளீனர் பையன் டார்ச் பிடித்தான்; வயது பதினாறோ பதினேழோ. புது பெல்ட்டைப் புல்லிமேல் ஏற்றும்போது, "சுத்து" என்று அவனிடம் சொன்னார். பேனைக் கையால் சுற்றச் சொன்னார். அவன் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினான்.

"அவனத் திட்டுனீங்களா?"

"எதுக்கு? சாவி எம்பையில இருந்திருக்கோணும்." சற்றுப் பொறுத்து, "அவந்தான் வெளக்கப் புடிச்சிட்டே அழுதான். வெளிச்சம் ஆடிட்டே இருந்துச்சு" என்றார்.

போல்ட் இளகியது. சிறிய புல்லியான டைனமோவிலிருந்து முதலில் பெல்ட்டை விலக்கினோம். பிறகு பேனைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வோர் இறகாகப் பெல்ட்டைத் தாண்ட வைத்தோம். ரேடியேட்டரின் தகடுகள் விரல்முட்டிகளைக் கீறின. கழற்றிய பெல்ட்டைத் தலைகீழாக வளைத்துப் பார்க்கச் சொன்னார். உட்புறம் வெயிலில் வெடித்த ஏரி மண். பக்கங்களில் கண்ணாடிப் பளபளப்பு. மற்றொன்று பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டோம்.

"சோடியாத்தான் மாத்தோணும். நீண்டது சும்மா சுத்தும், புதுசு மட்டும் பாரம் இழுத்துச் சாவும்."

எங்களிருவரில் பெற்றோரை வைத்துப் பார்ப்பவர் ஒருவரே. அதை நினைத்து அவர் சொல்லவில்லை. ஆயினும் சிறிது நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

புதியவற்றைப் பூட்டி, டைனமோவைக் கடப்பாரையால் நெம்பிப் பிடித்து இறுக்கினோம். கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். நீண்ட இடைவெளியின் நடுவில் இடக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் தாழ்ந்தது. இன்னொரு முறை அழுத்தினார். அந்தக் கை நடுங்கவில்லை.

பையிலிருந்து சாவியை எடுத்துத் தந்தோம். வாங்கவில்லை. "நீயே போடு" என்று விலகி நின்று, முடுக்கிய பின் கண்ணை மூடிக் கேட்டார். கீச்சொலி இல்லை.

"புதுப் பெல்ட்டு நீளும். எரநூறு கிலோமீட்டர் போனதும் ஒருக்கா இறுக்கச் சொல்லி, வாங்கறவருகிட்ட மறக்காமச் சொல்லிருங்க."

தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டினோம். எழுத்து சிறிதாக இருக்கிறது, ஓட்டுகிறவனுக்குத் தெரியாது என்றார். கிழித்துவிட்டுப் பெரிதாக எழுதினோம்.