விக்ராந்த்: கொடியேறும் முன்

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 2009 பிப்ரவரியில் அதன் அடிக்கட்டையான ஏரா வைக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. அந்த நாளுக்கு முன்பே முதல் மாலுமிக் குழு கப்பலேறிவிட்டது.

பணியில் உள்ள கப்பலுக்கு மாற்றலாகி வருபவருக்கு, ஏற்கெனவே அங்கிருப்பவர் வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். புதுக் கப்பலில் அப்படி யாரும் இல்லை. வரைபடமும் இயந்திரக் கையேடும் கப்பல் கட்டும் தளத்துப் பொறியாளர்களுமே துணை. எந்தக் காவல் முறையில் யார் நிற்பது, தீப்பிடித்தால் எந்தக் குழு எங்கே ஓடுவது என்ற நிலையாணைகளையும் முதல் குழுதான் எழுதியாக வேண்டும். அதன் பிறகு வருபவர்கள் பின்பற்றுவது அந்த ஏட்டைத்தான்.

முதலில் வழி பழக வேண்டும். விக்ராந்தின் நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர், அறைகள் சுமார் 2,300. எத்தனையாவது தளம், முன்பக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், இடப்புறமா வலப்புறமா என்பதை அறைச்சுவரில் தீட்டிய எண்ணே சொல்லிவிடும். மாலுமி டார்ச் விளக்குடன் ஒரு குழாயைத் தொட்டபடியே வால்வு வால்வாகப் பின்தொடர்ந்து, அது எந்தச் சுவரைத் துளைத்து எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்கிறார். மின்சாரம் போய், புகை சூழ்ந்த நேரத்திலும் அந்த வால்வைக் கை தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கும். ஆகவே தீக்காவலும் இந்த நாட்களின் அன்றாட வேலை.

2020 நவம்பரில், கப்பல் கரையோடு பிணைக்கப்பட்ட நிலையிலேயே இயந்திரங்கள் சோதிக்கப்பட்டன. முதல் வெள்ளோட்டம் 2021 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது. எர்ணாகுளம் கால்வாய் வழியே வந்து, ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையிலுள்ள முகத்துவாரத்தைத் தாண்டினால் அரபிக் கடல். குறுகிய வழியில் இழுவைப் படகுகள் துணைக்கு வரும். ஆழ்கடலை எட்டிய பிறகே நான்கு வாயு டர்பைன்களின் முழுத் திறனைப் பார்க்க முடியும். அவற்றின் மொத்தத் திறன் 88 மெகாவாட். கப்பலின் உச்ச வேகம் சுமார் 28 நாட். முதல் ஓட்டத்தில் உந்துவிசை, மின் வழங்கல், துணை இயந்திரங்கள் ஆகியவை சோதிக்கப்பட்டன. அக்டோபர், 2022 ஜனவரி, ஜூலை என மேலும் மூன்று கட்டங்கள் தொடர்ந்தன. இந்த ஓட்டங்களில் தளத்து ஊழியர்களும் மாலுமிகளும் ஒரே கப்பலில் வேலை செய்தனர். கப்பல் அப்போதும் தளத்தின் பொறுப்பில்தான் இருந்தது.

2022 ஜூலை 28 அன்று கப்பல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி முன்னிலையில் சேர்ப்பு விழா நடந்தது. கடற்படையின் புதிய கொடியும் அன்றுதான் அறிமுகமானது. கமோடோர் வித்யாதர் ஹார்கே முதல் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். சேர்ப்பு விழாவில் ஏற்றப்படும் நீண்ட ஒடுங்கிய கொடி, கப்பல் பணியிலிருந்து விடைபெறும்வரை கொடிமரத்தில் பறக்கும் என்பது கடற்படை மரபு.

விமானச் சோதனைகள் மட்டும் மிச்சமிருந்தன. 2023 பிப்ரவரி 6 அன்று இலகுரகப் போர் விமானத்தின் கடற்படை வடிவமும் மிக்-29கே விமானமும் முதன்முறையாக விக்ராந்தின் மேல்தளத்தில் இறங்கின.