கூச்சம் நீங்கும் வகுப்பறை

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கின்றன. வெள்ளாற்றங்கரை ஊரான திட்டக்குடியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இருந்து மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்கின்றனர். ஒருவர் தமிழ்வழியில் பயின்றவர். மற்றொருவர் ஆங்கிலவழியில் பயின்றவர். வீட்டில் ஆங்கிலம் அறிந்தோர் எவரும் இல்லாதவர்களும் உண்டு. வாய் திறந்தால் பிழை வந்துவிடுமோ என்னும் கூச்சம் இவர்களுள் பெரும்பாலோர்க்குப் பொதுவானது.

முதல்நாள் ஆங்கிலப் பாடவேளையில் ஆசிரியர் வகுப்பிற்குரிய நெறிகளைக் கூறுவது வழக்கம். மணியடித்ததும் இடத்தில் அமர்தல், பாடநூலும் குறிப்பேடும் தவறாது கொணர்தல், ஒருவர் பேசும்போது பிறர் செவிமடுத்தல், வீட்டுப்பாடத்தை உரிய நாளில் அளித்தல் ஆகியன எல்லாப் பாடங்களுக்கும் உரியவை. மொழி வகுப்பிற்கு இவற்றின் மேலும் ஒரு தேவை உண்டு. கணக்கு வகுப்பில் ஒரு சொல்லும் பேசாமல் கணக்கைச் செய்து முடிக்கலாம். பேச்சை அவ்வாறு கற்க இயலாது. அமைதி ஒன்றையே ஒழுங்காகக் கொள்ளும் ஆங்கில வகுப்பு தன் நோக்கத்தைத் தானே தடுத்துக்கொள்கிறது.

பிழைக்கும் காரணம் உண்டு

'ஸ்கூல்' என்பதை ஒரு மாணவர் 'இஸ்கூல்' என்கிறார், வகுப்பு நகைக்கிறது. தனிமெய் சொல்லுக்கு முதலாக வாராது என்பது தொல்காப்பியம் கூறும் மொழிமுதல் மரபு. அம்மரபில் பழகிய நா, மெய்யின் முன் ஓர் உயிரைச் சேர்த்து ஒலிக்கிறது. லட்சுமணனை 'இலக்குவன்' எனத் தமிழாக்கிய கம்பரைப் பிழை செய்தவர் என்று எவரும் கூறார். தொடரமைப்பிலும் இவ்வாறே. 'நான் பாடம் படித்தேன்' என்னும் தொடரில் வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினையும், அதன்பின் செயப்படுபொருளும் அமையும். இவ்வேறுபாட்டை அறியும்வரை மாணவர் தமிழ் வரிசையிலேயே சொற்களை அடுக்குவது இயல்பு.

ஆகவே, பிழைகள் பலவற்றில் தாய்மொழியின் இலக்கணமே தொழிற்படுகிறது. இதனை உணர்ந்த வகுப்பில் ஒருவர் பிழையைக் கண்டு மற்றவர் நகையார். ஆசிரியரும் தொடரின் நடுவே குறுக்கிடாமல், மாணவர் பேசி முடித்தபின் திருத்தமான வடிவத்தைக் கூறுவார். ஒருமுறை எழுந்த சிரிப்பு ஒரு மாணவரை ஆண்டு முழுவதும் வாய்மூடச் செய்துவிடும் ஆதலால், நகையாமை என்னும் நெறி ஏனையவற்றினும் முதன்மையானது.

பேசுவதற்குரிய நேரம்

40 மாணவர் உள்ள வகுப்பில், 40 நிமிடப் பாடவேளையில் ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஒருவருக்கு ஒரு நிமிடமே கிடைக்கும். இருவர் இருவராகப் பிரிந்து 10 நிமிடம் உரையாடினால் ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் கிடைத்துவிடும். அவ்வேளையில் வகுப்பில் எழும் ஓசை கற்றலின் ஓசையாகும்.

மாணவர் மாணவர்க்குக் கற்பித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொன்னார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்குள்ள பள்ளியில் கண்ட மணல் எழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் அம்முறையை விளக்கி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராசு முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவரது கொடையால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் தொடங்கப்பெற்ற பள்ளி இன்றும் 'மதராசு கல்லூரி' என்றே வழங்குகிறது. ஆங்கிலேயர் தம் மொழியைக் கற்பிக்க ஏற்ற முறை தமிழ் மண்ணில் கண்டதாகும்.

சட்டாம்பிள்ளையிடம் அதிகாரமும் இருந்தது. இன்றைய வகுப்பு அதனை விடுத்து அவரது உதவியை மட்டும் கொள்வது தகும். உச்சரிப்பில் தேர்ந்தவர் அதனைக் கற்பிக்கலாம். பாடப்பொருளைத் தெளிவாக உணர்ந்தவர் அதனைத் தமிழில் விளக்கலாம். தமிழில் ஐயம் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் கூறிப் பழகுவதால் எம்மொழிக்கும் குறைவில்லை.

நாள்தோறும் சிறிது

அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வனைந்த ஈரக்கலத்தைச் சூளையில் இடுமுன் மெல்ல உலர்த்துவர். விரைந்து உலர்த்தினால் ஒருபுறம் முன்னும் மறுபுறம் பின்னுமாகச் சுருங்கிக் கலம் விரிசல் காணும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்யும் ஆங்கிலத்தின் நிலையும் அதுவே. நாளொன்றுக்கு 5 சொற்கள், ஒரு பத்தி வாய்விட்டுப் படித்தல், சொந்தமாக இரண்டு தொடர்கள் என்பவை எளிய பழக்கங்கள். பள்ளி நாள்கள் 200 எனக் கொண்டால் 1,000 சொற்கள் கைவரும்.

பள்ளியைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும்போது விரிவுரைகள் பலவும் ஆங்கிலத்தில் அமையும். பாடம் விளங்கியும் ஐயத்தைக் கேட்க நா எழாமல் அமர்ந்திருக்கும் மாணவரின் இழப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் பதிவாவதில்லை. கடைசி இருக்கையில் ஜூன் மாதத்தில் தலைகுனிந்து அமர்ந்தவர், அரையாண்டிற்குள் எழுந்து, பிழையுடனேனும் ஒரு வினாவை ஆங்கிலத்தில் கேட்பாராயின், முதல்நாளில் வகுத்த நெறிகள் பயன் தந்தன எனலாம்.