ஊக்கபானமும் இளைஞர் உடலும்

கல்வி உள்ளத்தை வளர்ப்பது. விளையாட்டு உடலை வளர்ப்பது. இரண்டும் ஒருங்கே வளர்தல் வேண்டுமென்றே கல்லூரிகளில் நூல்நிலையத்தோடு விளையாட்டுத் திடலும் அமைக்கப்பெற்றுள்ளது. ஆயின், இந்நாளில் அத்திடலின் ஓரத்தே புதுப்பொருள் ஒன்று புகுந்துளது. ‘எனர்ஜி டிரிங்க்’ என இளைஞர் வழங்கும் ஊக்கபானமே அது.

எம் விடுதித் தோழர் ஒருவர் 400 மீட்டர் ஓட்டத்தில் வல்லவர். போட்டி நாளில் காலையில் ஒரு டப்பாவும், ஓடுதற்குச் சற்று முன்னர் மற்றொன்றும் அருந்துதல் அவர் வழக்கம். அன்றிரவு அவர்க்குத் துயில் வாராது. ஒருநாள் நள்ளிரவில் எம் கையைப் பற்றித் தம் மார்பின்மீது வைத்தார். அந்நெஞ்சின் படபடப்பை உணர்ந்த பின்னரே யாம் இப்பொருளை ஆராயப் புகுந்தோம்.

இப்பானத்தின் ஊக்கம் யாண்டிருந்து வருகிறது? சர்க்கரையோடு கூடிய காபீனிலிருந்தே பெரிதும் வருகிறது. களைப்பை மூளைக்கு அறிவிக்கும் பொருள்களுள் ஒன்று அடினோசின். அது சென்று சேருமிடத்தைக் காபீன் மறித்துக்கொள்கிறது. ஆகவே, களைப்பு நீங்குவதில்லை. களைப்பின் செய்தியே தடைப்படுகிறது. காவலன் வாயைப் பொத்திவிட்டால் களவு நிகழாது என்பார் உளரோ? மேலும், அருந்தி ஏறத்தாழ 5 மணி நேரம் கழிந்த பின்னும் காபீனில் பாதி உடலில் தங்குகிறது. வீரனுக்கு வலிமையை மீட்டுத் தரும் உறக்கத்தையே அது கெடுக்கிறது.

காபீன் ஓட்டத்திற்கு உதவாதென்று யாம் கூறோம். அளவோடு கொண்டால் உதவுதல் உண்மையே. 2004-ஆம் ஆண்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அதனைத் தடைப்பட்டியலினின்றும் நீக்கியது. ஆயின், தடையின்மை வேறு, தீங்கின்மை வேறு. சிறுவர்க்கும் பதின்பருவத்தினர்க்கும் இப்பானம் ஏற்றதன்றென அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் அறிவித்தது. லித்துவேனியா நாடு 2014-இல் 18 வயது நிரம்பாதார்க்கு இதனை விற்றலைத் தடுத்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காபீன் கூடாதென்றும், நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் அருந்தலாகாதென்று டப்பாவில் எழுதுதல் வேண்டுமென்றும் விதித்துளது. ஒரு டப்பா 250 மில்லிலிட்டர் எனின், இரண்டோடு எல்லை முடிந்தது. விடுதியில் அருந்தும் காபி அதன்மேல் ஏறும் சுமையே.

வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பானம் வேறு, இது வேறு. முன்னதன் வேலையை உப்பிட்ட நீர்மோர் நம் வீடுகளில் நெடுங்காலமாகச் செய்து வருகிறது.

‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதில் பெரிதும் பேசியது உணவின் அளவையே. உடலை இறைவன் ஆலயமெனக் கண்டார் பவுலடிகள். இரண்டையும் பயிலும் நாம், வாங்கும் டப்பாவின் புறத்தே அச்சிட்டிருக்கும் சிற்றெழுத்தையும் பயிலுதல் வேண்டும். நண்பர்காள்! நெஞ்சு படபடப்பின் நாணாது மருத்துவரிடம் செல்க. வெற்றிக்கேடயம் அடுத்த ஆண்டும் வரும், இதயமோ ஒன்றே.